கோமாளி, பபூன், விதூஷகன், கட்டியங்காரன்: எந்த இடத்தில் எந்தச் சொல்?

தாளடி (இழையைத் தொடங்கியவர்)

நாடகம், சர்க்கஸ் வரலாறு பற்றிய ஒரு கட்டுரைத் தொகுப்பு தமிழாக்கத்தில் இருக்கிறது. மூலத்தில் க்ளவுன், ஜெஸ்டர், பஃபூன், ஃபூல் என்று நான்கு சொற்கள். நான்கும் நான்கு ஆள். எல்லாவற்றுக்கும் "கோமாளி" என்று போட்டால் ஒரே ஆள் நானூறு வருஷமாக ஐரோப்பா முழுக்கத் திரிகிற மாதிரி ஆகிவிடும்.

இணைச்சொற்கள் கைவசம் இருக்கின்றன: விதூஷகன், விகடகவி, விகடன், கோணங்கி, நகைவேழம்பர், பகடி, கட்டியங்காரன், பபூன், ஜோக்கர். பட்டியல் தேவையில்லை. எது எதற்குப் பொருந்தும், எதை எங்கே போட்டால் அபத்தமாகும், எது திட்டாக ஒலிக்கும், அதுதான் வேண்டும்.

---

அகராதிப்புழு

கோமாளிதான் பொதுச்சொல். சர்க்கஸ், கூத்து, கரகாட்டம், பள்ளி ஆண்டுவிழா என்று எந்த மேடையிலும் ஏறும். நீங்கள் அடுக்கியதில் பெரும்பாலானவை வேலைப் பெயர்கள்: இன்ன மேடையில் இன்ன வேலை செய்கிறவன் என்று குறிப்பவை. அதனால் அவற்றை ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போட முடியாது.

கோமாளியின் பிறப்பு பற்றி ஒரு விளக்கம் அடிக்கடி சுற்றுகிறது: கோ + ஆளி, அரசனையே ஆள்கிறவன், அதனால் கோமாளி என்று. கேட்க இனிக்கும். ஆனால் கோ + ஆளி புணர்ந்தால் "கோவாளி" என்றுதான் வரும். நடுவில் அந்த மகரம் எங்கிருந்து குதித்தது என்பதற்கு அந்த விளக்கத்தில் பதில் இல்லை. மலையாளத்திலும் இதே சொல் இதே பொருளில் இருக்கிறது. அதற்கு மேல் கட்டுரையில் எதுவும் சொல்லாமல் விடுவது நல்லது.

பிறப்பு தெளிவாகத் தெரிகிற சொற்கள் வேறு: விகடன், கோணங்கி. இரண்டுக்கும் அடியில் இருப்பது கோணல். வடமொழியில் "விகட" என்றால் உருக்கோணிய, விகாரமான. தமிழில் அது கேலி, பரிகாசம், பிறரைப் போல நடித்துக் காட்டுவது என்று நகர்ந்தது. கோணங்கி "கோணு" என்பதோடு சேர்ந்தது. உடம்பைக் கோணினால் சிரிப்பு வரும் என்பதுதான் இரண்டு சொல்லுக்கும் அச்சாணி.

இந்த இரண்டு பொருளும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டுமானால் காஞ்சிபுரம் விகடசக்கர விநாயகர் கதை. திருமாலின் சக்கரத்தை வீரபத்திரர் மாலையில் இருந்த வெண்டலை (மண்டையோடு) ஒன்று விழுங்கிவிடுகிறது. திருமாலின் சேனைத்தலைவர் விஷ்வக்சேனர் அதன் எதிரில் கை, கால், வாய் எல்லாம் கோணி விகடக் கூத்து ஆடுகிறார். தலை சிரிக்கிறது, சக்கரம் வெளியே விழுகிறது. அதை விநாயகர் எடுத்துக்கொண்டு, இன்னொரு தடவை ஆடினால் தருவேன் என்கிறார். கோணல்தான் நகைச்சுவை, நகைச்சுவைதான் கருவி. இதைவிடச் சுருக்கமாக விகடத்துக்கு விளக்கம் கிடையாது.

---

திரைக்குப்பின்

கட்டியங்காரனைப் பற்றி நான் சொல்கிறேன். இந்தச் சொல்லைத்தான் அதிகமாகத் தப்பான இடத்தில் போடுகிறார்கள்.

கட்டியம் என்றால் அரசனோ தெய்வமோ வரும்போது முன்னால் நின்று புகழும் பட்டமும் உரக்கச் சொல்வது. தெருக்கூத்தில் அந்த வேலையைச் செய்கிறவன் கட்டியங்காரன். சிரிக்க வைப்பது அவன் வேலையில் ஒரு பங்குதான். முழு வேலை இது:

இரவு முதலில் மேடைக்கு வருகிறவன் அவன். இன்றைக்கு என்ன கதை என்று அவன்தான் சொல்வான். பெரிய வேஷம் திரைக்குப் பின்னால் நின்று வரவுப் பாட்டுப் பாடும்போது, வருகிறது யார், எந்த நாடு, என்ன பேர் என்று கேட்டு வாயைக் கிளறுகிறவனும் அவன்தான். வேஷம் வெளியே வந்ததும் சட்டென்று அந்த ராஜாவுக்குச் சேவகனாகிவிடுவான். தூதன், வண்டிக்காரன், மருத்துவச்சி என்று கதையில் உதிரியாக வரும் ஆள் எல்லாம் பெரும்பாலும் அவன் தலையில்தான் விழும். பெரிய வேஷக்காரர் மூச்சு வாங்க உட்கார்ந்தால் அந்த இடைவெளியை நிரப்புவான். ஊர்க்காரர் அன்பளிப்புக் கொடுத்தால் பெயர் சொல்லி அறிவிப்பதும் அவன் பாடு.

முக்கியமான உரிமை ஒன்று அவனுக்கு மட்டும் உண்டு. துரியோதனன் சபையில் நின்றுகொண்டே ரேஷன் கடை வரிசையைப் பேசலாம். ராஜா வேஷம் அப்படிப் பேசினால் கூத்து கெட்டுவிடும். கதையின் காலத்துக்கும் பார்க்கிறவர் காலத்துக்கும் நடுவில் போய்வருகிற ஒரே ஆள் அவன்.

வேஷத்திலேயே இது தெரியும். பெரிய வேஷங்களுக்குக் கட்டைக் கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் உண்டு. "கட்டைக்கூத்து" என்ற பெயரே அந்த மர அணிகலன்களால் வந்தது. கட்டியங்காரனுக்கு இந்தப் பாரம் எதுவும் கிடையாது. கூம்புத் தொப்பி, லேசான உடை, முகத்தில் கொஞ்சம் பூச்சு. ராத்திரி முழுக்க ஓடியாட வேண்டியவன் கட்டையைச் சுமக்க முடியாது, அதுதான் காரணம்.

ஆகவே ஐரோப்பிய சர்க்கஸ் க்ளவுனுக்குக் கட்டியங்காரன் என்று எழுதாதீர்கள். அவன் அறிவிப்பதில்லை. அறிவிக்கிறவன் ரிங்மாஸ்டர். ரிங்மாஸ்டரையும் க்ளவுனையும் ஒரே ஆளாக உருட்டினால் ஓரளவு கட்டியங்காரன் கிடைப்பான்.

---

வெட்டிப்பேச்சு

கட்டியங்காரன் என்று தேடினால் சீவக சிந்தாமணி வில்லன் வருகிறானே? அவனும் கோமாளியா?

---

அகராதிப்புழு

இல்லை. சச்சந்தனைக் கொன்று அரசைப் பிடிக்கிற அமைச்சன் அவன். வடமொழி வடிவம் "காஷ்டாங்கார". அது தமிழ் வாய்க்கு ஏற்பக் கட்டியங்காரன் ஆயிற்று. கட்டியத்தோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. எழுத்து ஒன்றாகிவிட்டதால் தேடுபொறி இரண்டையும் ஒரே குழம்பாக்குகிறது.

இன்னொரு பொறி: கோயில்களில் சுவாமி புறப்பாட்டின்போது கட்டியம் கூறுகிற பணியாளர் உண்டு. கோயில் செய்தியில் "கட்டியக்காரர்" என்று வந்தால் அதை யாரும் கோமாளி என்று பெயர்த்துவிட வேண்டாம். மரியாதையான கோயில் பணி அது.

---

யாழ்மொழி

எங்கட பக்கத்து வழக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. மட்டக்களப்புக் கூத்தில கட்டியகாரன் என்றுதான் சொல்லுவினம், ஙகரம் இல்லை. அரசன் வரவுக்கு முதல் வந்து சபைக்கு அறிவிக்கிறவர். சிரிப்புக்காக மட்டும் வருகிற பாத்திரம் இல்லை.

பகடி பற்றி: தமிழ்நாட்டில இது இப்ப எழுத்துச் சொல்லாப் போச்சு, பெரும்பாலும் இலக்கியக் கட்டுரையிலதான் வருது. எங்களுக்குப் "பகிடி" நாளாந்தச் சொல். பகிடி விடுறது, பகிடிக்குச் சொன்னது, பகிடியான ஆள். பழைய அகராதிகளில பகடிக்கு விகடம் செய்யிற ஆள் என்ற பொருளும் இருக்கு, ஆனா இப்ப ஆளைக் குறிக்க ஒருத்தரும் சொல்லுறதில்லை. ஆளுக்குக் கோமாளிதான்.

ஒரு எச்சரிக்கை: "பகிடிவதை" என்று கண்டால் நகைச்சுவை நிகழ்ச்சி என்று நினைக்க வேண்டாம். பல்கலைக்கழகத்தில புது மாணவரைக் கொடுமைப்படுத்துறது அது, தமிழ்நாட்டில ராகிங் என்று சொல்லுறது. தமிழ்நாட்டுப் பதிப்பாளர் ஒருவர் அதை நகைச்சுவை என்று திருத்தினால் வசனத்தின்ர பொருளே கவிழ்ந்துபோம்.

---

தாளடி

மிக்க நன்றி. அடுத்தது ஜெஸ்டர், ஃபூல். ஜெஸ்டருக்கு விகடகவி, ஃபூலுக்கு விதூஷகன் என்று வைக்கலாமா?

---

அகராதிப்புழு

இரண்டுமே வேண்டாம் என்பேன். விதூஷகனில் தொடங்குகிறேன், அதில்தான் பேச விஷயம் இருக்கிறது.

விதூஷகன் வடமொழி நாடகத்தின் பாத்திர வகை. தலைவனின் அந்தரங்கத் தோழன், பிறப்பால் அந்தணன், ஆனால் வடமொழி பேசமாட்டான், பிராகிருதம் பேசுவான். சாப்பாட்டு ராமன். கையில் கோணலான தடி. மீண்டும் அதே கோணல், பாருங்கள். மிருச்சகடிகத்தில் மைத்ரேயன், சாகுந்தலத்தில் மாதவ்யன். தமிழில் பெருங்கதையில் உதயணனுக்கு வயந்தகன் இருக்கிறான். சொல்லின் வேர் "தூஷ்", அதாவது பழித்தல், குற்றம் சொல்லல். தலைவன் காதலில் மிதக்கும்போது பக்கத்தில் நின்று பசிக்கிறது என்று சொல்வதே அவனுடைய பழிப்பு.

இவனை அற்பமாக நினைத்துவிடக் கூடாது. நாட்டிய சாத்திரம் நாடகத் தலைவனைக் காக்க இந்திரனையும், தலைவியைக் காக்க சரஸ்வதியையும் நிறுத்திவிட்டு, விதூஷகனுக்கு ஓங்காரத்தையே காவலாக வைக்கிறது. கேரளத்துக் கூடியாட்டத்தில் மற்றவர்கள் வடமொழியில் பாட, இவன் ஒருவன்தான் மலையாளத்தில் பேசுவான். அதாவது பார்க்கிறவருக்குக் கதை புரிவதே இவனால்தான். அறம், பொருள், இன்பம், வீடு என்ற நான்கையும் கவிழ்த்து, அசனம், ராஜசேவை, விநோதம், வஞ்சனம் என்று வேறு நான்கு புருஷார்த்தம் சொல்வான். நன்றாகத் தின்பது, ராஜாவை அண்டிப் பிழைப்பது, தாசி வீட்டுக்குப் போவது, ஏமாற்றுவது. இவ்வளவு சுமை உள்ள சொல்லைச் செம்மூக்கு ஒட்டிய ஆளுக்குப் போடுவது பொருந்தாது.

இனி ஃபூல். ஆங்கில அரசவை வழக்கில் இதில் இரண்டு வகை. பிறவியிலேயே மனவளர்ச்சி குறைந்தவரை அரண்மனையில் வைத்துக்கொண்டது ஒன்று. முட்டாள்போல நடித்து, அந்த உரிமையில் அரசனுக்கே உண்மை சொல்கிற தொழிற்காரன் மற்றது. முதல் வகைக்குப் "பேதை" சரி. இரண்டாவதற்கு "அரசவைக் கோமாளி". ஷேக்ஸ்பியர் நாடகத்தில் லியர் மன்னனோடு மழையில் நிற்கிறவன் இரண்டாம் வகை. அவனை "முட்டாள்" என்று பெயர்த்தால் மேடையிலேயே புத்திசாலியான ஆள் அவன்தான் என்பது அடிபட்டுப்போகும்.

விகடகவியில் "கவி" இருக்கிறது. பாட்டுக் கட்டத் தெரிந்தவனுக்குத்தான் அது. கிருஷ்ணதேவராயர் காலத்தோடு (1509–1529) கதைகள் இணைக்கிற தெனாலி ராமன் அந்தப் பட்டத்துக்கு உரியவன். காவியம் எழுதியவன். ஐரோப்பிய ஜெஸ்டர் குட்டிக்கரணம் போடுவான், தொப்பியில் மணி கட்டியிருப்பான், பாட்டும் பாடலாம். அவனும் அரசவைக் கோமாளிதான். வெறும் "விகடன்" என்று எழுதினால் வாசிப்பவருக்கு முதலில் ஞாபகம் வருவது 1926ல் தொடங்கிய பத்திரிகை.

---

வெட்டிப்பேச்சு

வி-க-ட-க-வி. திருப்பிப் படித்தாலும் அதே. யாரும் சொல்லாவிட்டால் இழை முழுமையாகாதே என்று சொல்லிவைத்தேன்.

---

பிழைதிருத்தி

அதற்கு மாலைமாற்று என்று பெயர். இலக்கணக்காரர் சார்பில் நானும் சொல்லிவைத்தேன்.

தாளடி, க்ளவுன் என்ற சொல்லிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அதற்கு முதற்பொருள் நாட்டுப்புறத்தான், முரடன். பட்டணத்து மேடையில் அவனைக் காட்டிச் சிரித்ததால் அது நகைச்சுவை நடிகனின் பெயராயிற்று. ஹாம்லெட் நாடகப் பிரதியில் "முதல் க்ளவுன், இரண்டாம் க்ளவுன்" என்று வருபவர்கள் யார் தெரியுமா? புதைகுழி தோண்டுகிறவர்கள். அங்கே "கோமாளி 1, கோமாளி 2" என்று போட்டால், இடுகாட்டுக் காட்சியில் சர்க்கஸ்காரர் இருவர் மண்வெட்டியோடு வந்துவிடுவார்கள். "குழிவெட்டி" என்று போட்டுவிட்டு, நகைச்சுவைப் பாத்திரம் என்பதை அடிக்குறிப்பில் சொல்லுங்கள். உங்கள் தொகுப்பில் 1700க்கு முந்திய காலத்தைப் பேசும் இடங்களில் க்ளவுன் வந்தால் ஒவ்வொன்றையும் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

---

திரைக்குப்பின்

பபூன் பாக்கி.

ஆங்கிலப் பஃபூனிலிருந்து வந்தது. அதன் அடி இத்தாலியச் சொல், கன்னத்தை உப்பவைத்து ஊதுவது என்ற பொருளில். ஆனால் தமிழில் இது இப்போது கடன்சொல்லாகவே நினைக்கப்படுவதில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழிவந்த இசை நாடகத்தில், ஸ்பெஷல் நாடகம் என்கிறோமே, அதில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட் போலப் பபூனும் ஒரு பார்ட். நோட்டீஸில் அப்படித்தான் அச்சடிப்பார்கள்: "பபூன்" என்று போட்டுப் பக்கத்தில் நடிகர் பெயர். அவமரியாதை துளியும் கிடையாது. அது பதவி.

ராத்திரி பத்து மணி வாக்கில் நாடகம் தொடங்கினால் முதலில் வருவது அவர்தான். தனியாக நின்று பாட்டும் பேச்சுமாகக் கூட்டத்தைப் பிடித்து உட்காரவைப்பார். பிறகு டான்ஸ் பார்ட் வந்து சேரும், இரண்டு பேரும் காமிக் நடத்துவார்கள். வள்ளி திருமணமோ வேறு கதையோ அதற்குப் பிறகுதான். கட்டியங்காரனிலிருந்து இவர் மாறுபடுகிற இடம் இதுதான்: கட்டியங்காரன் கதைக்குள்ளே போய்வருவான், பபூனுடைய முக்கியமான நேரம் கதை தொடங்குவதற்கு முன்னாலேயே ஓடிவிடும். நடுவில் கதைக்குள் சின்னப் பாத்திரமாக வந்தாலும் கூட்டம் அவரைப் பபூனாகத்தான் பார்க்கும்.

தோற்பாவைக்கூத்தில் இன்னொரு ஏற்பாடு. உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்று இரண்டு பேர். உச்சியில் குடுமி வைத்த பாவை முதலாவது. ராமாயணம் நடக்கும்போது ஊடே புகுந்து ஊர்ப்பேச்சுப் பேசுவார்கள். இவை இயற்பெயர்கள், பொதுப்பெயராக வேறு யாருக்கும் பயன்படாது. ஆனால் ஜோடிக் கோமாளி என்ற முறையைத் தமிழ் வாசகருக்கு விளக்க இவர்களைச் சுட்டலாம்.

---

வெட்டிப்பேச்சு

ஆப்பிரிக்கப் பபூன் குரங்கும் தமிழில் அதே எழுத்துதான். "பபூன்கள் கூட்டமாக வாழும்" என்ற வாக்கியத்தை நாடகக்காரர் யாரும் படித்துவிடக் கூடாது.

---

பிழைதிருத்தி

அதனால்தான் சர்க்கஸ் புத்தகத்தில் மனிதரைப் "பபூன்" என்றும் விலங்கைப் "பபூன் குரங்கு" என்றும் எழுத வேண்டும். "பஃபூன்" என்று ஆய்த எழுத்துப் போட்டுப் பிரிக்கலாமே என்பார்கள். நாடக நோட்டீஸ் எதிலும் அப்படி இல்லை. இன்னொன்று, தானியங்கித் திருத்தி "பபூனை" என்பதைப் "பூனை" ஆக்கிவிடும். இறுதி மெய்ப்பில் பூனை என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

புணர்ச்சி, பால் இரண்டையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். கோமாளிக் கூத்து, கோமாளித் தொப்பி, இவற்றில் வல்லினம் மிகும். கோமாளித்தனம் ஒரே சொல், "கோமாளி தனம்" என்று பிரிப்பதுதான் இணையத்தில் அதிகம் காண்கிற பிழை. கோமாளி வேடம், கோமாளி மீன், இவற்றில் மிகுவதற்கு வல்லினமே இல்லை. "கோமாளி தடுக்கி விழுந்தான்" என்பதில் எழுவாய், ஒற்று வராது.

கோமாளி இருபாற் பொது. கோமாளி வந்தான், வந்தாள், வந்தார், மூன்றும் சரி. விகடகவியும் கோணங்கியும் அப்படியே. விதூஷகன், விகடன், கட்டியங்காரன் எல்லாம் ஆண்பால் விகுதி ஏந்தியவை. பெண் கலைஞரைப் பற்றிய பகுதியில் கோமாளி என்ற சொல்லே சிக்கல் இல்லாதது. விதூஷகனா விதூடகனா என்றால் ஏதாவது ஒன்றை எடுத்து நூல் முழுக்க அதையே வையுங்கள். நகைவேழம்பர் பலர்பால், ஒருவன் என்றால் நகைவேழம்பன்.

---

தாளடி

நகைவேழம்பரை எங்கேயாவது பயன்படுத்த முடியுமா? சொல் அழகாக இருக்கிறது.

---

அகராதிப்புழு

அழகுதான், ஆனால் அருங்காட்சியகப் பொருள். சிலப்பதிகாரத்தில் இந்திரவிழவு ஊரெடுத்த காதையில், புகார் நகரத்துப் பட்டினப்பாக்கத்தில் யார் யார் குடியிருந்தார்கள் என்று அடுக்கும்போது "நகைவேழம்பரொடு" என்று வருகிறது. கூத்தர், கணிகையர், வாத்தியக்காரர் இவர்கள் வரிசையில். அதாவது சிரிக்க வைப்பதே தொழிலாகக் கொண்டவர்களுக்கு அந்த ஊரில் தனி இருப்பிடம் இருந்திருக்கிறது. வேழம்பர் என்பதற்குக் கழைக்கூத்தர் என்ற பொருளும் அகராதியில் உண்டு, வேழம் மூங்கிலையும் குறிக்கும். "நகை" என்ற அடைதான் இவர்களைப் பிரிக்கிறது. கம்பத்தில் ஏறி வித்தை காட்டிக்கொண்டே சிரிக்க வைக்கிற சர்க்கஸ் ஆளுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் நவீனக் கட்டுரையில் போட்டால் வாசகர் அகராதியைத் தேடி எழுந்து போவார். பழந்தமிழ்ப் பின்னணி சொல்லும் முன்னுரையில் ஒருமுறை வரட்டும்.

கோணங்கிக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. குடுகுடுப்பைக்காரரையும் அந்தச் சொல் குறிக்கும். பாரதியின் கோணங்கி அப்படி நல்ல காலம் வருகுது என்று சொல்கிறவர்தான். இதோடு "கோடாங்கி" வேறு, அது உடுக்கடித்துக் குறி சொல்பவர். கன்னடத்துக்குப் போனால் "கோடங்கி" என்றாலே கோமாளி. கன்னட நாட்டுக் கூத்தான யட்சகானம் பற்றிய கட்டுரை உங்கள் தொகுப்பில் இருந்தால் இதைக் கவனியுங்கள், தமிழ் வாசகர் பேயோட்டுகிறவர் என்று எடுத்துக்கொள்வார்.

---

தாளடி

கடைசிச் சிக்கல், எனக்குப் பெரிய சிக்கலும் இதுதான். சர்க்கஸ் கோமாளிகளில் உட்பிரிவு. முகம் முழுக்க வெள்ளை பூசிய வகை, அதற்கு எதிரான சிவப்பு மூக்கு வகை, நாடோடிப் பிச்சைக்காரன் வகை. இரண்டாவதன் பெயர் "ஆகுஸ்ட்". தமிழில் எழுதினால் மாதம் போலத் தெரிகிறது.

---

யாழ்மொழி

"ஒகுஸ்ட்" என்று பிரெஞ்சு உச்சரிப்பில எழுதினால் தப்பலாம் என்று யோசிக்க வேண்டாம். எங்களுக்கு மாதமே ஓகஸ்ட் தான்.

---

திரைக்குப்பின்

முகப்பூச்சை வைத்துப் பெயரிடாதீர்கள், வேலையை வைத்துப் பெயரிடுங்கள். வெள்ளைமுகக்காரர் ஜோடியில் பெரியவர். உடை பளபளக்கும், கட்டளை போடுவார், திட்டம் அவருடையது. மற்றவர் அதைச் செய்யப்போய்க் குட்டிச்சுவராக்குவார். அவர் முகத்தில் தோல்நிறம் அல்லது இளஞ்சிவப்பு அடிப்பூச்சு, கண்ணையும் வாயையும் சுற்றி மட்டும் வெள்ளை, பெரிய சட்டை, பெரிய செருப்பு. வெள்ளைமுகக்காரருக்கு முன்னோடியாக இங்கிலாந்தின் ஜோசப் கிரிமால்டியைச் (1778–1837) சொல்வார்கள். அவர் சர்க்கஸ் ஆள் இல்லை, நாடக மேடைக்காரர். கட்டுரையில் இதைப் பலர் குழப்புகிறார்கள்.

என் பரிந்துரை: "வெள்ளைமுகக் கோமாளி", "மக்குக் கோமாளி", "நாடோடிக் கோமாளி". மக்கு என்பதில் வாஞ்சையும் இருக்கிறது, திட்டும் இருக்கிறது. அந்தப் பாத்திரத்துக்கு இரண்டும் வேண்டும்.

---

அகராதிப்புழு

மக்குக் கோமாளிக்கு என் ஓட்டும். அதற்குத் தொல்காப்பியத்திலேயே பிடி இருக்கிறது.

மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் இடம் நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இதில் மடனுக்குப் பழைய விளக்கம், கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை. சொல்லிக்கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு, எது நேர்ந்தாலும் விடாமல் நிற்பது. சிவப்பு மூக்குக்காரரின் முழுத் தொழிலும் இந்த ஒரு வரியில் அடங்கும். "நாற்காலியைப் பிடித்துக்கொள்" என்று வெள்ளைமுகக்காரர் சொல்கிறார். இவர் பிடித்துக்கொள்கிறார். மேசையைத் தூக்கச் சொன்னாலும் நாற்காலியை விடமாட்டார், ஏணியில் ஏறச் சொன்னாலும் நாற்காலியோடு ஏறுவார், யாரோ கைகுலுக்க வந்தால் நாற்காலிக் காலை நீட்டுவார். அவருக்கு அறிவு இல்லாமல் இல்லை, கீழ்ப்படிதல் அளவுக்கு மீறிவிட்டது. அறிவே இல்லாமல் நெருப்பில் கை வைத்தால் அது பேதைமை.

இதே அளவுகோலைக் கொண்டு மற்றவர்களையும் பார்க்கலாம். கட்டியங்காரனுக்கும் விதூஷகனுக்கும் எள்ளல்தான் பிரதானம். எள்ளல் இரண்டு பக்கமும் பாயும், தான் பிறரை எள்ளுவதும் பிறர் தன்னை எள்ளுவதும். விதூஷகன் இரண்டையும் மாறிமாறிச் செய்வான். மூலத்தில் எந்தச் சொல் என்பதை ஒரு நிமிஷம் மறந்துவிட்டு, இந்த ஆளிடம் சிரிப்பு எந்த நான்கிலிருந்து பிறக்கிறது என்று கேளுங்கள். பாதி இடங்களில் தமிழ்ச்சொல் தானே வந்து நிற்கும்.

---

பிழைதிருத்தி

"எந்த நான்கிலிருந்து" இல்லை, "நான்கில் எதிலிருந்து". கருத்து அபாரம்.

---

வெட்டிப்பேச்சு

திட்டாகப் பயன்படுத்துவதைக் கேட்டிருந்தாரே, அது என் துறை.

"கோமாளி" என்று பெரிய மனிதரைச் சொன்னால் பதவிக்குத் தகுந்த நிதானம் இல்லை என்று அர்த்தம். அறிவில்லை என்று சொல்வதில்லை. "ஜோக்கர்" என்றால் கணக்கிலேயே சேர்க்க வேண்டாத ஆள், இளவட்டத்துப் பேச்சு. இதில் வேடிக்கை, சீட்டாட்டத்தில் ஜோக்கர்தான் எதற்குப் பதிலாகவும் நிற்கும், கைக்கு வந்தால் கொண்டாட்டம். "காமெடி பீஸ்" அதைவிட மட்டம், அது தெரிந்தே சிரிக்க வைப்பதில்லை, தெரியாமல் ஆகிவிடுவது. "கோணங்கித்தனம்" வீட்டுச் சொல், குழந்தை சேட்டைக்கும் செல்லமாகச் சொல்லலாம். "விதூஷகன்" அரசியல் மேடையில் வந்தால் ராஜாவை அண்டிப் பிழைக்கிற ஆள் என்ற குத்து. அது அகராதிப்புழு சொன்ன ராஜசேவை.

---

திரைக்குப்பின்

"கூத்தாடி"யை விட்டுவிட்டீர்கள். அது ஆளைத் திட்டுவதில்லை, தொழிலையே திட்டுவது. பிறப்பையும் சாதியையும் குத்துகிற தொனி அதில் இருக்கிறது. தொகுப்பில் நடிகருக்கும் கோமாளிக்கும் இணைச்சொல்லாக எங்கேயும் வரக் கூடாது. கூத்தர், கூத்துக் கலைஞர் என்றே எழுதுங்கள். மௌன நாடகக்காரர், பகல்வேஷக்காரர், கழைக்கூத்தர், பலகுரல் கலைஞர் எல்லாரையும் கோமாளிக் கணக்கில் சேர்க்கிற பழக்கமும் உண்டு. அவர்களில் யாரும் கோமாளி இல்லை.

---

தாளடி

மருத்துவமனைகளில் நோயாளிக் குழந்தைகளிடம் போகிற க்ளவுன்கள் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. "மருத்துவக் கோமாளி" எப்படி?

---

பிழைதிருத்தி

கூடாது. வைத்தியரைத் திட்டுவது போல ஒலிக்கிறது. "மருத்துவமனைக் கோமாளி"யும் அதே வழியில்தான் போகும், நிர்வாகத்தைச் சொல்கிறார்களோ என்று தோன்றும். முன்னால் இடம் அல்லது அலுவலகப் பெயர் வந்து பின்னால் கோமாளி வந்தால் தமிழ்க் காது அதை வசையாகவே எடுத்துக்கொள்கிறது. "சட்டமன்றக் கோமாளி" என்று சொல்லிப் பாருங்கள். "அரசவைக் கோமாளி" மட்டும் பழகித் தேய்ந்ததால் தப்பிக்கிறது.

வழி: முதல் தடவை "மருத்துவமனைகளில் கோமாளி வேடமிட்டுக் குழந்தைகளைச் சந்திக்கும் கலைஞர்கள்" என்று விரித்து எழுதுங்கள். அடுத்த தடவையிலிருந்து "கோமாளிக் கலைஞர்". ஆள் தொழிலாக மரியாதை பெற வேண்டிய இடத்தில் எல்லாம் "கலைஞர்" ஒட்டிக்கொள்ளட்டும். பாத்திரமாக மேடையில் நிற்கும்போது வெறும் கோமாளி போதும்: "கோமாளிக் கலைஞர் ஒப்பனையைக் கலைத்தார்", "கோமாளி வாளித் தண்ணீரில் விழுந்தான்". வினைமுற்றும் அதற்கேற்ப மாறும், ஒன்றில் ஆர், மற்றதில் ஆன். ஒரே பத்தியில் இரண்டும் வரும்போது இந்த விகுதியே ஆளையும் வேடத்தையும் பிரித்துக் காட்டிவிடும்.

---

தாளடி

வெள்ளைமுகம், மக்கு, நாடோடி, அரசவைக் கோமாளி, பேதை, குழிவெட்டி எல்லாம் ஏற்றாயிற்று. யட்சகானக் கட்டுரை ஒன்று உண்மையிலேயே இருக்கிறது, கோடங்கிக்கு அடிக்குறிப்புப் போடுகிறேன். பபூன் இசை நாடகத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால், மூலத்தில் ஐரோப்பியப் பஃபூன் வரும் இடத்துக்கு?

---

அகராதிப்புழு

அங்கே பெரும்பாலும் வசைதான். "கீழ்த்தரமாகச் சிரிக்க வைப்பவன்" என்ற பொருள். கோமாளித்தனம் என்று பண்பாக மாற்றி எழுதினால் போதும், ஆளுக்குச் சொல் தேடவே வேண்டாம்.